தங்கைக்கு பைலட் ஆசை: வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்துப் படிக்க வைக்கலாமா?

ஈரோட்டு அக்கா

வணக்கம். விமானத் துறையில் இருப்பவர்கள் சிலர் இங்கே எழுதுவதைப் படித்திருக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன். என் தங்கை பிளஸ் டூ முடித்துவிட்டாள், இயற்பியலிலும் கணக்கிலும் நல்ல மதிப்பெண். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பைலட் ஆவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், வேறு எதற்கும் விண்ணப்பம் போட மாட்டேன் என்கிறாள். அப்பா மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறார். எங்களுக்கு இருப்பது ஒரே வீடு.

போன வாரம் கோயம்புத்தூரில் ஒரு ஆலோசனை மையத்துக்குப் போனோம். சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) வரை 60 லட்சம், அப்புறம் டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட ஒரு ரக விமானத்தை ஓட்டும் தகுதி) 20 லட்சம், தங்குவது, சாப்பாடு, தேர்வு, மெடிக்கல் எல்லாம் சேர்த்து 90 லட்சம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இல்லாவிட்டால் விமான நிறுவனமே ஆள் தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்பும் கேடட் புரோகிராம், அது ஒரு கோடிக்கு மேல் போகும், ஆனால் வேலை நிச்சயம் என்றார்கள். நாட்டுக்கு இன்னும் 30 ஆயிரம் பைலட் தேவை என்று மத்திய மந்திரி சொன்ன செய்தியையும் காட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார்.

நான் ஐடியில் வேலை செய்கிறேன், மாதம் 30 ஆயிரம் வரை இதற்கு ஒதுக்க முடியும். அவள் ஆசைக்கு நான் குறுக்கே நிற்க விரும்பவில்லை. ஆனால் லைசென்ஸ் கையில் இருந்தும் வேலை கிடைக்காமல் போனால் அப்பாவும் அம்மாவும் எங்கே போவார்கள் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. தெரிந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பொன்மலை

அக்கா, நான் ஏர்பஸ் ஏ320-இல் ஃபர்ஸ்ட் ஆஃபிசர் (துணை விமானி), திருச்சிப் பக்கம். பத்திரத்தை முதலில் பீரோவில் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். பணம் கட்டும் கட்டத்துக்கே நீங்கள் இன்னும் வரவில்லை.

முதல் வேலை மெடிக்கல். டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்ககம்) பட்டியலில் உள்ள மருத்துவரிடம் கிளாஸ் 2 மருத்துவச் சான்று எடுங்கள், அதில் தேறியதும் அதைவிடக் கடுமையான கிளாஸ் 1. அதை பெங்களூருவில் உள்ள விமானப்படையின் ஐஏஎம் மருத்துவ மையம் போன்ற இடங்களில் பார்ப்பார்கள். கண் பவர் இருந்தால் பயப்பட வேண்டாம், கண்ணாடி போட்டுச் சரியாகத் தெரிந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. நிறக்குருடு வேறு விஷயம். நிறப் பார்வையைச் சோதிக்கும் இஷிஹாரா புத்தகத்தில் எண் தெரியாமல் திணறியவர்கள் சிலர் ஃப்ளையிங் ஸ்கூலுக்கு முன்பணம் கட்டிய பிறகுதான் அதையே தெரிந்துகொள்கிறார்கள். பள்ளிக்காரர்கள் "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். கிளாஸ் 1 கைக்கு வராமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

இரண்டாவது தேர்வுகள். கம்ப்யூட்டர் நம்பர் (டிஜிசிஏ தேர்வு எழுதுவதற்கான பதிவு எண்) வாங்கிவிட்டு வீட்டிலிருந்தே படிக்கலாம். ஏர் நேவிகேஷன், மெட்டியராலஜி (வானிலை), ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக், அப்புறம் ரேடியோவில் பேசும் உரிமத்துக்கு ஆர்டிஆர். தாளுக்கு 70 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். நல்ல கிரவுண்ட் கிளாஸுக்கு (இந்தத் தாள்களுக்கான வகுப்பு) கொடுப்பது மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கு, ஆனால் உங்கள் தங்கைக்கு இது ஒத்து வருமா என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும். நேவிகேஷனில் பலர் திரும்பத் திரும்ப விழுவார்கள். தாள்களை முடித்துவிட்டுப் பறக்கப் போகிறவர்களுக்குப் பயிற்சி வேகமாக முடியும். முடிக்காமல் போகிறவர்கள் விடுதியில் வாடகை கட்டிக்கொண்டு புத்தகம் படிப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் பறப்பது. சிபிஎல்லுக்கு 200 மணி நேரம் வேண்டும், அதில் 100 மணி பைலட் இன் கமாண்டாக, அதாவது விமானத்துக்குத் தானே பொறுப்பேற்று. க்ராஸ் கன்ட்ரி, இன்ஸ்ட்ருமென்ட், நைட் ஃப்ளையிங் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. மல்டி இன்ஜினும் (ஒன்றுக்கு மேற்பட்ட இன்ஜின் உள்ள விமானம் ஓட்டும் தகுதி) ஐஆரும் (கருவிகளைப் பார்த்தே பறக்கும் தகுதி) இதோடு சேர்த்து எடுத்தால்தான் ஏர்லைன் கதவைத் தட்ட முடியும். 60 லட்சம் என்று அவர்கள் சொன்னதில் மல்டி இன்ஜின் மணி நேரம் உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் அது தனி பில்.

நீலவான்

அக்கா, நான் கேடட் புரோகிராமுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்தையும் சொல்கிறேன். இண்டிகோ 2023 ஜூனில் 500 விமானம் ஆர்டர் செய்தது, அதே வருடம் ஏர் இந்தியா 470, அடுத்த ஜனவரியில் ஆகாசா 150. இத்தனையையும் ஓட்ட ஆள் வேண்டாமா? 2025 டிசம்பரில் புது டியூட்டி நேர விதி வந்ததும் பைலட் போதாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததைப் பார்த்தோம். இனி ஒவ்வொரு நிறுவனமும் கூடுதலாக ஆள் வைத்தே ஆக வேண்டும். கேடட் என்றால் நிறுவனமே தேர்வு வைத்து எடுக்கிறது, டைப் ரேட்டிங் அதிலேயே அடங்கிவிடும், முடித்ததும் அவர்களிடமே வேலை. தனியாக சிபிஎல் எடுத்துவிட்டு வேலை அறிவிப்பு எப்போது வரும் என்று உட்கார்ந்திருப்பதைவிட 20, 30 லட்சம் கூடக் கொடுப்பது எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

கார்முகில்

நீலவான் தம்பி, ஆர்டர் எண்ணிக்கையை வைத்து வேலையைக் கணக்குப் போடாதீர்கள். நான் 2011-இல் சிபிஎல் முடித்தவன். அப்போதும் இதே பேச்சுதான், இந்தியா வளர்கிறது, பைலட் பஞ்சம் என்று. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் நின்றது. அனுபவமுள்ள பைலட்டுகள் கூட்டமாக வெளியே வந்தார்கள். 3000 மணி நேரம் பறந்தவர் வரிசையில் நிற்கும்போது 200 மணி நேரக்காரனை யார் கூப்பிடுவார்கள்? என் பேட்சில் பாதிப் பேர் வருடக்கணக்கில் வீட்டில் இருந்தோம். அப்புறம் 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2020-இல் கொரோனா, 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட். ஒவ்வொரு முறையும் மொத்த அடியும் புதிதாக லைசென்ஸ் எடுத்தவன் தலையில்தான் விழுந்தது.

ஆர்டர் போட்டதற்கும் விமானம் வந்து நிற்பதற்கும் நடுவில் பல வருடம் இருக்கிறது. ஆகாசா ஆள் எடுத்துப் பயிற்சியும் கொடுத்தது, போயிங்கிலிருந்து விமானம் வரத் தாமதமானதால் அந்த பைலட்டுகளில் பலர் பல மாதம் பறக்காமல் காத்திருந்தார்கள். செய்தித்தாள்களில் வந்த விஷயம்தான். பிராட் அண்ட் விட்னி இன்ஜின் கோளாறால் இண்டிகோவில் எத்தனை விமானங்கள் தரையில் நின்றன, அதையும் பாருங்கள்.

இன்னொன்று, இதை அந்த ஆலோசனை மையங்கள் ஒருபோதும் சொல்லாது. பைலட் பஞ்சம் என்பது பெரும்பாலும் கேப்டன் பஞ்சம். கேப்டனாக சிபிஎல்லுக்கு அடுத்த கட்ட லைசென்ஸான ஏடிபிஎல் வேண்டும், அதற்கே 1500 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சொந்த அளவுகோல். வெளிநாட்டு கேப்டன்களை ஃபாட்டா என்ற தற்காலிக அனுமதியில் கூட்டிவந்து ஓட்டுகிறார்கள். அந்த இருக்கைக்குத்தான் ஆள் இல்லை. ஃபர்ஸ்ட் ஆஃபிசர் உட்காரும் வலது பக்க இருக்கைக்கு வரிசை எப்போதும் நீளம். டிசம்பர் குழப்பத்தால் நாளைக்கே 200 மணி நேரக்காரர்களை அள்ளிக்கொள்வார்கள் என்று நம்பிக் கடன் வாங்கக் கூடாது. ஒரு கேப்டனுக்கு இத்தனை ஃபர்ஸ்ட் ஆஃபிசர் என்ற கணக்குக்குள்தான் ஆள் எடுப்பு நடக்கும்.

நான் இப்போது கிரவுண்ட் கிளாஸ் எடுக்கிறேன். என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் இந்தத் தொழிலுக்கு வராதே என்று சொல்வதில்லை, தொழில் அருமையானது. எந்த வருடத்தில் லைசென்ஸ் கைக்கு வரும், அந்த வருடம் சந்தை எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் இரண்டு மூன்று வருடம் வேலை இல்லாமல் தாக்குப்பிடிக்கக் குடும்பத்தால் முடியுமா என்று மட்டும் கேட்பேன்.

கணக்கர் மாமா

அம்மா, நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். கடன் பக்கத்தைச் சொல்கிறேன்.

கல்விக் கடனில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனாலே பொதுவாக ஈடு கேட்பார்கள். டிஜிசிஏ அங்கீகாரம் உள்ள பயிற்சி என்றால் பைலட் படிப்புக்குக் கடன் உண்டு. படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

உதாரணத்துக்கு 60 லட்சம், 11 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைப் படிப்படியாகத்தான் விடுவிப்பார்கள், அதனால் மூன்று வருட முடிவில் வட்டி 15 லட்சம் அளவில் சேர்ந்து 75 லட்சமாக நிற்கும். 12 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 94 ஆயிரம். வேலை கிடைத்தால் கட்டலாம், ஃபர்ஸ்ட் ஆஃபிசராக உறுதியான பிறகு அந்தச் சம்பளத்தில் இது முடியாத காரியம் இல்லை. கிடைக்காவிட்டால் உங்கள் 30 ஆயிரமும் உங்கள் அப்பா சம்பளமும் சேர்ந்தாலும் இது எட்டாது. 90 நாள் தவணை விழுந்தால் வாராக்கடன், அதற்கு மேல், ஈடு வைத்த சொத்தை வங்கியே எடுத்துக்கொள்ள வழி செய்யும் சர்ஃபேசி சட்டப்படி வீட்டுக்கு நோட்டீஸ் வரும். அப்பா இணைக் கடன்தாரர் என்பதால் அவர் சிபிலும் போகும், தங்கை சிபிலும் போகும்.

பைலட் படிப்புக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. மற்ற படிப்பு நான்கு வருடம் என்றால் நான்கு வருடத்தில் முடியும். இதில் மழை, மூடுபனி, விமானம் பழுது, இன்ஸ்ட்ரக்டர் வேறு இடத்துக்குப் போய்விட்டார் என்று 18 மாதம் என்றது 30 மாதம் ஆகும். வங்கியோ விண்ணப்பத்தில் எழுதிய காலத்தை வைத்துத் தவணையை ஆரம்பித்துவிடும். அதனால் படிப்புக் காலத்தை எழுதும்போது தாராளமாகவே எழுதி வாங்குங்கள். தாமதமானால் பள்ளியிடம் கடிதம் வாங்கி முன்கூட்டியே நீட்டிப்புக் கேளுங்கள், தவணை விழுந்த பிறகு கேட்டால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

தங்கை பெயரில் கடன் அளவுக்கு ஆயுள் காப்பீடு எடுங்கள். மெடிக்கல் போய் லைசென்ஸ் முடங்கினால் ஈடு தரும் காப்பீடு விமானிகளுக்கென்றே தனியாக இருக்கிறது, அது வேலைக்குச் சேர்ந்த பிறகு. பழைய வரி முறையில் இருந்தால் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு வருடம் வருமான வரிக் கழிவு உண்டு. கடன் யார் பெயரில் என்பதைப் பொறுத்து அது யாருக்கு உதவும் என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈரோட்டு அக்கா

எல்லோருக்கும் நன்றி. 94 ஆயிரம் என்பதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசவே இல்லை. தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தாள்.

இரண்டு கேள்வி. டைப் ரேட்டிங்கை சிபிஎல்லோடு சேர்த்தே எடுத்துவிட்டால் வேலை சீக்கிரம் கிடைக்கும் என்று மையத்தில் அழுத்திச் சொன்னார்கள், அது உண்மையா? இந்தியாவிலேயே படிப்பதா, வெளிநாடு போவதா?

பொன்மலை

டைப் ரேட்டிங்கை வேலை உத்தரவு கையில் இல்லாமல் எடுக்க வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏ320-க்கு 15 லட்சத்துக்கு மேல் கொடுத்து எடுத்து வைத்திருப்பீர்கள், அந்த வருடம் ஆள் எடுப்பது போயிங் 737-க்கோ சிறிய ஏடிஆர் விமானத்துக்கோ இருக்கும். சரி, ஏ320-க்கே எடுக்கிறார்கள் என்றாலும், சிமுலேட்டரில் உட்கார்ந்து மாதக்கணக்கில் ஆனவரை அப்படியே ஏற்க மாட்டார்கள், திரும்ப செக், அதாவது பறக்கும் சோதனை, கொடுக்க வேண்டும், அதற்கும் பணம். ஐஆரையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கையில் வேலை இல்லாதவருக்கு இவை எல்லாமே சொந்தக் காசு.

டைப் ரேட்டிங் இல்லாதவர்களை எடுத்து, அவர்களே சிமுலேட்டருக்கு அனுப்பி, அதற்குக் காசும் வாங்கிக்கொண்டு, சில வருடம் விட்டுப் போக மாட்டேன் என்று பாண்டும் எழுதி வாங்குவது இன்று சகஜம். அப்படிக் கட்டுவதும் எனக்குப் பிடித்த ஏற்பாடு இல்லை, ஆனால் எதிர்முனையில் ஒரு வேலை இருக்கிறது. வேலை வருமா என்று தெரியாமல் கட்டுவதற்கும் இதற்கும் நிறைய தூரம்.

நாமக்கல் அப்பா

என் மகன் இப்போது வட மாநிலத்தில் ஒரு ஃப்ளையிங் ஸ்கூலில் இருக்கிறான், 120 மணி நேரம் தாண்டிவிட்டான். சேர்ப்பதற்கு முன் நான்கு பள்ளிகளுக்கு நேரில் போய்ப் பார்த்தேன், அதைச் சொன்னால் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

வரவேற்பறையில் உட்காராதீர்கள், ஹேங்கருக்குப் போங்கள். எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்டால் பன்னிரண்டு என்பார்கள். இன்றைக்குப் பறக்கும் நிலையில் எத்தனை என்று கேளுங்கள், பதில் நான்காக இருக்கும். மொத்த மாணவர் எத்தனை பேர், முழு நேர இன்ஸ்ட்ரக்டர் எத்தனை பேர், போன மாதம் பள்ளி மொத்தமாக எத்தனை மணி நேரம் பறந்தது, அதை மாணவர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். மாதம் ஆளுக்கு எட்டு மணி நேரம்கூட வராத இடம் இருந்தது, அந்த வேகத்தில் 200 மணி நேரம் முடிக்க இரண்டு வருடம் தாண்டிவிடும், விடுதி வாடகை தனி. மதியம் டீக்கடையில் மாணவர்களோடு பேசுங்கள். அலுவலகத்தில் கிடைக்காத பதில் எல்லாம் அங்கே கிடைக்கும். டிஜிசிஏ 2025-லிருந்து பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிடுகிறது, அதையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

பணம். ஒரு பள்ளியில் மொத்தத்தையும் முன்கூட்டியே கட்டினால் ஐந்து லட்சம் தள்ளுபடி என்றார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பள்ளியில் அடுத்த வருடமே பாதி விமானங்கள் பறக்கவில்லை, முழுப் பணமும் கட்டிய பெற்றோர் வக்கீல் வைத்து அலைகிறார்கள். பறக்கப் பறக்கப் பணம், அதிகம் போனால் 20, 25 மணி நேரத்துக்கு முன்பணம், அவ்வளவுதான். நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பி வரும், எத்தனை நாளில் வரும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். பையன் லாக்புக்கை (பறந்த மணி நேரம் எழுதும் பதிவேடு) நான் மாதம் ஒருமுறை போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லி பில்லோடு ஒப்பிடுவேன். ஒருமுறை வித்தியாசம் வந்தது, கேட்டதும் திருத்திக் கொடுத்தார்கள்.

வெளிநாடு பற்றி: அமெரிக்காவில் வானிலை நன்றாக இருக்கும் இடங்களில் சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனால் திரும்பி வந்து டிஜிசிஏ லைசென்ஸாக மாற்ற வேண்டும், இங்கே தாள் எழுத வேண்டும், செக் கொடுக்க வேண்டும், அதற்குச் சில மாதங்களும் சில லட்சங்களும் ஆகும். டாலர் ஏறினால் கணக்கு மொத்தமும் மாறும். விசா வேறு.

நீலவான்

நாமக்கல் அப்பா, உங்கள் பதிவைச் சேமித்து வைத்துக்கொண்டேன், நன்றி.

ஆனால் கார்முகில் அண்ணாவுக்கு ஒரு கேள்வி. எல்லோரும் பயந்து உட்கார்ந்தால் சந்தை நன்றாக இருக்கும் வருடத்தில் லைசென்ஸோடு நிற்பது யார்? 2022, 2023-இல் லைசென்ஸ் எடுத்த பலர் சீக்கிரமே வேலைக்குப் போனார்கள். கொரோனாவின் நடுவில் துணிந்து பயிற்சிக்குப் போனவர்கள்தானே அவர்கள்?

கார்முகில்

நியாயமான கேள்வி. அவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் கீழே விழுந்தாலும் தாங்கும் குடும்பத்துப் பிள்ளைகள். துணிச்சல் எல்லோருக்கும் ஒன்றுதான், விழுந்தால் வரும் அடி ஒன்றல்ல. ஒரே வீட்டை வைத்து ஆடுபவருக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. இந்தத் தொழிலில் இருக்கும் பெரிய அநியாயமே இதுதான், திறமை இருந்தும் இந்தக் காத்திருப்பைத் தாங்க முடியாதவர்கள் பாதியில் கழன்றுகொள்கிறார்கள், பணமிருப்பவர் வரிசையில் நின்று இருக்கையைப் பிடிக்கிறார்.

கேடட் பற்றி நீங்கள் சொன்னதற்கும் ஒன்று. "வேலை நிச்சயம்" என்று ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். பொதுவாக நிபந்தனைக்கு உட்பட்ட வாய்ப்பு என்றுதான் இருக்கும், நிறுவனத்தின் தேவை, எல்லாக் கட்டத்திலும் தேர்ச்சி, மெடிக்கல், இத்தனையும் சேர்ந்து. நிறுவனம் ஆள் எடுப்பதை ஒரு வருடம் தள்ளிப்போட்டால் உங்கள் வட்டியை அவர்கள் கட்ட மாட்டார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். கேடட் மோசம் என்று சொல்லவில்லை, தேர்வு முறையாக இருக்கும், பயிற்சித் தரம் நன்றாக இருக்கும். கூடக் கொடுக்கும் 30 லட்சத்துக்கு என்ன கிடைக்கிறது என்று தெரிந்து கொடுங்கள்.

தென்றல் ஹூஸ்டன்

இங்கே அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னால் பயன்படும். 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விசாரணையில் பைலட்டுகளின் களைப்பு, பயிற்சி, சம்பளம் எல்லாம் வெளியே வந்தது. அந்த ஃபர்ஸ்ட் ஆஃபிசர் சொற்பச் சம்பளத்தில் இருந்தார், சியாட்டில் பக்கம் பெற்றோர் வீட்டிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்து டியூட்டி ஏறியிருந்தார். அதற்குப் பிறகு 2010-இல் சட்டம் வந்து, 2013-லிருந்து பயணிகள் ஏர்லைனில் ஃபர்ஸ்ட் ஆஃபிசராக உட்காரவே பொதுவாக 1500 மணி நேரம் வேண்டும் என்று ஆனது.

அந்த விதியால் விபத்து குறைந்ததா என்று இங்கே இன்னும் சண்டை போடுகிறார்கள், அதற்குள் நான் போகவில்லை. என் கண்ணுக்குப் படுவது வேறு. இங்கே லைசென்ஸ் எடுத்த பிள்ளைகள் இன்ஸ்ட்ரக்டராகச் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே மணி நேரம் சேர்க்கிறார்கள். நடுவில் ஏறி நிற்க ஒரு படி இருக்கிறது. இந்தியாவில் 200 மணி நேரத்திலிருந்து நேராக ஏர்பஸ்ஸுக்குத் தாவ வேண்டும், தாவ முடியாதவர் தரையில்தான். உங்கள் தங்கை சிபிஎல் எடுத்தால் இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங்கையும் யோசிக்கச் சொல்லுங்கள்.

பொன்மலை

ஹூஸ்டன் சொன்னது முக்கியம். இங்கேயும் அந்தப் படி இருக்கிறது, ஏறுகிறவர்கள்தான் குறைவு. 15 லட்சம் கொடுத்து டைப் ரேட்டிங் எடுப்பதைவிட அதில் ஒரு பங்கைச் செலவழித்து அசிஸ்டன்ட் இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் எடுத்தால் ஃப்ளையிங் ஸ்கூலில் வேலைக்குப் போகலாம். இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் திணறும் பள்ளிகள் நிறைய. சம்பளம் ஏர்லைன் அளவுக்கு வராது, ஆனால் லாக்புக் ஏறும், ஐஆர் செத்துப்போகாது, கை மறக்காது. எங்கள் நிறுவனத்தில் என்னோடு சேர்ந்தவர்களில் சிமுலேட்டர் செக்கில் பதறாமல் பறந்தவர்கள் இன்ஸ்ட்ரக்டராக இருந்துவிட்டு வந்தவர்கள்தான்.

கேப்டன் ஓய்வு

அம்மா, நான் முப்பது வருடத்துக்கு மேல் பறந்து ஓய்வு பெற்றவன். நான் படித்த காலத்தில் ஃப்ளையிங் கிளப்புகளுக்கு அரசு மானியம் இருந்தது, மீனம்பாக்கத்து மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பில் என் அப்பா, ஒரு பள்ளி ஆசிரியர், கஷ்டப்பட்டாலும் கடனில் மூழ்காமல் என்னைப் படிக்க வைத்தார். வேலைக்கு எடுத்த பிறகு டைப் பயிற்சி முழுக்க நிறுவனத்தின் செலவு. பாண்ட் எழுதிக் கொடுத்தோம், நாங்களும் விட்டுப் போகவில்லை.

இன்றைக்கு இந்தச் செலவு முழுவதும் பிள்ளைகளின் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. விமானம் நிறுவனத்துடையது, அந்த விமானத்தை ஓட்டக் கற்றுக்கொடுப்பது நிறுவனத்தின் தேவை, அதற்கான காசு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுபவரின் வீட்டிலிருந்து வருகிறது. இதை நான் பணியில் இருந்தபோதும் கூட்டங்களில் சொன்னேன். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம் இது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் தவணை உள்ள இளைஞன், களைப்பாக இருக்கிறது, இன்று பறக்க முடியாது என்று சொல்வதற்கு முன் இரண்டு முறை யோசிப்பான். காய்ச்சலை மறைப்பான். என் பக்கத்து இருக்கையில் அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், நல்ல பிள்ளைகள், கடன் அவர்களை வாய் திறக்க விடவில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஸ்பீட்பேர்ட் அகாடமி என்று தொடங்கி முழுப் பயிற்சிச் செலவையும் ஏற்றுக்கொண்டு கேடட்களை எடுக்கிறது. நம் நாட்டிலும் இத்தனை நூறு விமானம் ஆர்டர் செய்கிறவர்களால் வருடத்துக்கு ஐம்பது பிள்ளைகளையாவது அப்படி எடுக்க முடியும். எடுக்க வைக்க வேண்டும்.

அது வரும்வரை உங்களுக்கு என் யோசனை: உத்தரப் பிரதேசத்து ஃபர்சத்கஞ்சில் இருக்கும் இக்ருவா, மத்திய அரசின் பைலட் பயிற்சி நிறுவனம், நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். அங்கேயும் 45 லட்சத்துக்குக் குறையாது, ஆனால் பள்ளி ஓடிப்போய்விடும் என்ற பயம் இல்லை. அந்தத் தேர்வை எழுதச் சொல்லுங்கள். பெண் பிள்ளை என்று வீட்டில் யாராவது தயங்கினால் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். உலகத்திலேயே பெண் விமானிகளின் பங்கு அதிகமாக உள்ள நாடுகளில் நம்முடையதும் ஒன்று.

கணக்கர் மாமா

கேப்டன் சார் சொன்னதை வங்கியில் இருந்தவனாக நானும் பார்த்திருக்கிறேன். தவணை விழுந்த பைலட் பிள்ளைகள் எதிரே வந்து உட்காரும்போது கடன் கொடுத்தவர்களுக்கே வருத்தமாக இருக்கும்.

ஈரோட்டு அக்கா

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கிளாஸ் 2 எடுத்தாயிற்று, ஃபிட் என்று வந்துவிட்டது. கிளாஸ் 1-க்குத் தேதி கேட்டிருக்கிறோம். கம்ப்யூட்டர் நம்பருக்கும் விண்ணப்பம் போட்டாயிற்று.

வீட்டில் உட்கார்ந்து பேசினோம். தங்கை தொலைதூரக் கல்வியில் பி.எஸ்சி. சேர்கிறாள், முதலில் அழுதாள், கார்முகில் சார் எழுதியதைத் திரும்பப் படித்த பிறகு அவளே ஒப்புக்கொண்டாள். ஒரு வருடத்துக்குள் தாள்கள் எல்லாவற்றையும் முடிப்பது, இக்ருவா தேர்வு எழுதுவது. வீட்டை முழுதாக அடமானம் வைப்பதில்லை என்று அப்பாவை ஒப்புக்கொள்ள வைத்தேன். அம்மா பக்கத்து நிலம் கொஞ்சம் இருக்கிறது, அதை விற்றால் 25 லட்சம் வரும், என் சேமிப்பு, அப்புறம் நான் கட்டக்கூடிய அளவுக்கு மட்டும் கடன். 30 ஆயிரம் தவணைக்கு 24 லட்சத்துக்கு மேல் தாங்காது என்று நானே கணக்குப் போட்டேன், மாமா சரிபார்த்துச் சொல்லுங்கள். இதற்குள் முடிகிற பள்ளி கிடைத்தால் போவாள், இல்லாவிட்டால் பட்டம் முடித்து இரண்டு வருடம் வேலை பார்த்து, அவள் சம்பளத்தையும் சேர்த்துக்கொண்டு போவாள். டைப் ரேட்டிங்குக்கு இந்தக் கணக்கில் இடமே கொடுக்கவில்லை.

கணக்கர் மாமா

12 வருடம், 11 சதவீதம் என்றால் 24 லட்சத்துக்கு 30 ஆயிரத்தை ஒட்டித்தான் வரும், சரி. ஆனால் அது தவணை ஆரம்பிக்கும் நாளில் நிற்கும் தொகை. இடையில் ஏறும் வட்டியையும் சேர்த்தால் வாங்கும் கடன் 19 அல்லது 20 லட்சத்தில் நிற்க வேண்டும். படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவிட்டால் 24 வரை போகலாம், பல வங்கிகள் அதற்குக் கொஞ்சம் வட்டியும் குறைப்பார்கள், கேட்டுப் பாருங்கள். நிலம் விற்பதானால் வில்லங்கச் சான்றை இப்போதே போட்டு வையுங்கள், அம்மாவின் உடன்பிறந்தவர்கள் கையெழுத்து தேவைப்பட்டால் அதற்கே சில மாதம் போகும்.

கார்முகில்

நேவிகேஷனையும் மெட்டையும் முதலில் எழுதச் சொல்லுங்கள், ரெகுலேஷன்ஸ் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. கம்ப்யூட்டர் நம்பருக்குப் பிளஸ் டூ மதிப்பெண் சரிபார்ப்பு போர்டிலிருந்து வர வேண்டும், பலருக்கு அங்கேதான் இழுக்கும், பள்ளியில் இப்போதே கேட்டு வையுங்கள். பெயர் ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் பாஸ்போர்ட்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இனிஷியல் விரிவு உட்பட. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த இனிஷியல் விஷயத்திலேயே விண்ணப்பம் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஈரோட்டு அக்கா

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கிறது, மதிப்பெண் பட்டியலில் வெறும் இனிஷியல். திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறேன். கிளாஸ் 1 முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.